எதிராளியின் பேப்பரைப் படித்த ஐடா

ஒரு டேபிளோட ஆரம்பிக்கலாம். நமக்குப் பழக்கமான விஷயம்தானே.

1892-ஆம் வருஷம் அமெரிக்காவில் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்றவர்கள் 241 பேர். அதில் 160 பேர் கறுப்பினத்தவர். அந்த 160 பேர் மேல் சொல்லப்பட்ட குற்றங்கள் இவை: கொலை 58. பாலியல் வன்கொடுமை 46. அதற்கு முயன்றதாக 11. கொள்ளை 6. தீ வைத்தது 6. இன வெறுப்பு 6. பெண்களை அவமதித்தது 2. காரணமே சொல்லாமல் கொன்றது 4. இன்னும் சில சில்லறை வரிசைகள். நடுவில் ஒரு வரியில் தற்காப்பு என்று போட்டு, பக்கத்தில் 1. அதாவது தன்னைக் காப்பாற்றிக்கொண்டதுதான் அந்த ஆள் செய்த குற்றம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 46-ம் 11-ம் 57. நூற்று அறுபதில் 57 என்றால் சுமார் 36 சதவீதம். எல்.கே.ஜி. கணக்கு. ஆனால் அன்றைக்கு அந்த நாட்டில் பேப்பர் படித்த யாரைக் கேட்டாலும், தெற்கே கறுப்பர்களை ஏன் கொல்கிறார்கள் என்பதற்கு ஒரே பதில்தான் வந்திருக்கும்: வெள்ளைக்காரப் பெண்கள் மேல் கை வைக்கிறார்கள், ஜனங்களுக்குக் கோபம் வருகிறது, கொன்றுவிடுகிறார்கள். மேலே உள்ள எண்கள் எந்த ரகசிய அறிக்கையிலும் இல்லை. சிகாகோ டிரிப்யூன் என்கிற பெரிய பத்திரிகை வருஷா வருஷம் தானே அச்சடித்து வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்தவை. பட்டியல் எல்லார் கையிலும் இருந்தது. கூட்டிப் பார்த்து ஊருக்குச் சொன்னவர் ஒரு முன்னாள் ஸ்கூல் டீச்சர். பெயர் ஐடா பி. வெல்ஸ்.

1862 ஜூலை 16, மிசிசிப்பி மாநிலம், ஹாலி ஸ்பிரிங்ஸ். பிறந்தபோது ஐடா அடிமை. அப்பா ஜேம்ஸ் தச்சர், அம்மா எலிசபெத். அடுத்த ஆறு மாதத்திற்குள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது. நிஜமான விடுதலைக்கு உள்நாட்டுப் போர் முடிய வேண்டியிருந்தது. அதுவரை எழுத்துப் படிப்பதே தடைசெய்யப்பட்டிருந்த சனங்கள், ஊரில் பள்ளிக்கூடம் திறந்ததும் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தார்கள். படிக்கத் தெரிந்த ஐடாவுக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. அப்பாவுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் பேப்பரை உரக்க வாசித்துக் காட்டணும்.

1878-ல் மஞ்சள் காய்ச்சல் வந்து அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி மூவரையும் ஒரே சமயத்தில் கொண்டுபோனது. ஐடாவுக்கு வயசு 16. மிச்சமிருந்த தம்பி தங்கைகளை ஆளுக்கு ஒரு வீடாகப் பிரித்து அனுப்பலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஐடா ஒத்துக்கொள்ளவில்லை. வயசைக் கூட்டிச் சொல்லி ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர் வேலையில் சேர்ந்தார். நம்மில் பலர் பிளஸ் டூ-வுக்கு டியூஷன் போய்க்கொண்டிருந்த வயசு அது.

பிறகு மெம்ஃபிஸ் பக்கம் வந்தார். 1883-ல் ரயிலில் பெண்கள் பெட்டிக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவரை, எழுந்து புகைபிடிப்பவர்கள் பெட்டிக்குப் போகச் சொன்னார் கண்டக்டர். மறுத்தார். இழுத்தபோது கண்டக்டரின் கையைக் கடித்தார். கடைசியில் மூன்று பேர் சேர்ந்து இழுத்து வெளியேற்ற, பெட்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ரயில்வே கம்பெனி மேல் கேஸ் போட்டு 500 டாலர் இழப்பீடும் ஜெயித்தார். 1887-ல் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. இவருக்குத் தேவை இருக்கையில்லை, வழக்குதான் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. செலவுத் தொகையையும் இவர் தலையில் கட்டினார்கள். இந்த ரயில் கதையைப் பத்திரிகைக்கு எழுதியதில்தான் ஐடாவின் எழுத்து வாழ்க்கை சூடுபிடித்தது. ஐயோலா என்ற புனைபெயர். 1889-ல் ஃப்ரீ ஸ்பீச் என்ற வாரப் பத்திரிகையில் பங்குதாரர், ஆசிரியர். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று அதில் எழுதியதற்காக 1891-ல் டீச்சர் வேலை போயிற்று.

இதுவரைக்கும் இது தைரியமான ஒரு பெண்ணின் கதை. இனிமேல்தான் நமக்கு வேண்டிய கதை.

தாமஸ் மோஸ் என்று ஐடாவுக்கு ஒரு நண்பர். தபால்காரர். அவருடைய குழந்தைக்கு ஐடா ஞானத்தாய். மோஸும் நண்பர்களும் மெம்ஃபிஸ் ஓரத்தில் பீப்பிள்ஸ் குரோசரி என்று ஒரு மளிகைக் கடை வைத்தார்கள். எதிரே ஒரு வெள்ளைக்காரரின் மளிகைக் கடை. அதுவரை அந்தப் பகுதிக்கே அவர்தான் ஏகபோகம். 1892 மார்ச்சில் சின்னப் பையன்கள் கோலி விளையாடியதில் வந்த சண்டை பெரியவர்கள் சண்டையாகி, கடையைத் தாக்க வருகிறார்கள் என்று பேச்சு பரவியது. கடைக்காரர்கள் காவலுக்கு ஆள் வைத்தார்கள். ராத்திரி சாதாரண உடையில் துப்பாக்கியோடு ஒரு கூட்டம் வர, உள்ளிருந்தவர்கள் சுட, மூன்று வெள்ளையர்களுக்குக் காயம். வந்தவர்கள் ஷெரிஃபின் ஆட்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மோஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் மூன்று பேரையும் ஜெயிலில் போட்டார்கள். மார்ச் 9 விடிவதற்குள் ஒரு கும்பல் ஜெயிலுக்குள் புகுந்து மூவரையும் வெளியே கொண்டுபோய், ஊருக்கு வடக்கே தண்டவாளம் ஓரமாக வைத்துச் சுட்டுக் கொன்றது.

காலையில் மெம்ஃபிஸ் பேப்பர்கள் வந்தன. அவற்றின்படி அந்த மளிகைக் கடை குடிகாரர்களும் சூதாடிகளும் கூடுகிற இடம். காயம்பட்டவர்கள் கடமையைச் செய்யப் போன அதிகாரிகள். கொன்றவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது, சரி. ஆனால் அதே செய்தியில், சாகுமுன் யார் என்ன செய்தார், மெக்டவல் எப்படித் துப்பாக்கியைப் பிடிக்கப் போராடினார், மோஸ் தன் மனைவிக்காகவும் பிறக்கப்போகிற குழந்தைக்காகவும் எப்படிக் கெஞ்சினார், இங்கே நீதி கிடைக்காது, மேற்கே போய்விடுங்கள் என்று தன் சனங்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. இது நிருபருக்கு எப்படித் தெரியும்? ஒன்று, அவர் அங்கே நின்றிருக்கணும். இல்லை, நின்றவரிடம் கேட்டிருக்கணும். ரெண்டில் எது என்றாலும் கொன்றவர்கள் யாருக்கும் தெரியாது என்ற வரி பொய். ஐடா பிடித்த முதல் நூல் இதுதான். செய்தியில் ஒரு விவரம் இருந்தால், அந்த விவரம் எந்த வழியாக வந்தது என்று கேட்பது.

தன்வரலாற்றில் ஐடா ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறார். அதுவரைக்கும் இந்த மாதிரிக் கொலைகளைப் பற்றிப் படிக்கும்போது, பேப்பர்கள் சொன்ன காரணத்தை அவரும் ஓரளவுக்கு நம்பித்தான் வந்தார். ஏதோ கொடூரமான குற்றம், அதனால் வந்த ஆத்திரம் என்று. மோஸ் யாரையும் தொடவில்லை என்பது அவருக்கு நேரடியாகத் தெரியும். மோஸ் செய்த ஒரே குற்றம் எதிர்க்கடைக்காரரைவிட நன்றாக வியாபாரம் பண்ணியது. அப்படியென்றால் மற்றவர்கள்?

இந்த ஒரு அடியை எடுத்து வைப்பது ரொம்பக் கஷ்டம். நம்ம காலேஜ் சிம்போசியம் பற்றி ஏதாவது பேப்பரில் துண்டுச் செய்தி வந்தால், டிபார்ட்மென்ட் பெயர் தப்பு, தேதி தப்பு என்று கேன்டீனில் உட்கார்ந்து சிரிக்கிறோம். சிரித்துவிட்டு பக்கத்தைத் திருப்பி, பார்த்தே இராத ஒரு நாட்டுப் போரைப் பற்றி அதே பேப்பர் எழுதியதை அப்படியே நம்புகிறோம். தெரிந்த இடத்தில் ஓட்டை இருந்தால் தெரியாத இடத்திலும் இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஐடாவுக்குத் தோன்றியது. காரணம், செத்தது அவருடைய நண்பர்.

அதற்குப் பிறகு பேப்பரில் வந்த செய்திகளை வைத்துக்கொண்டு, நடந்த இடங்களுக்கே போய் விசாரிக்க ஆரம்பித்தார். மிசிசிப்பியில் டுனிகா என்ற ஊரில், ஷெரிஃபின் சின்னஞ்சிறு மகளை ஒரு முரடன் நாசம் செய்ததாகச் செய்தி நிறுவனம் நாடெங்கும் தந்தி அடித்திருந்தது. ஐடா போய்ப் பார்த்தால் அந்தச் சிறுமி வளர்ந்த பெண். அவளாகத்தான் அந்த ஆளின் குடிசைக்குப் போய்வந்திருக்கிறாள். அப்பா அங்கே கண்டுபிடித்துவிட்டார். மகளின் பெயரைக் காப்பாற்ற ஒரு உயிர் போயிற்று.

1892 மே 21. ஒரே வாரத்தில் நடந்த எட்டுக் கொலைகளைக் குறிப்பிட்டு ஃப்ரீ ஸ்பீச்சில் ஒரு சின்னத் தலையங்கம் எழுதினார். இந்தப் பழைய பொய்யைத் தெற்கில் யாரும் நம்புவதில்லை, இதையே திரும்பத் திரும்பச் சொன்னால் உங்கள் வீட்டுப் பெண்களின் பெயர்தான் கெடும் என்கிற அர்த்தத்தில். கையெழுத்து இல்லாத தலையங்கம். எழுதியது ஆண் என்று நினைத்துக்கொண்டு, அவனை என்னென்ன செய்யணும் என்று வெள்ளையர் பேப்பர்கள் வெளிப்படையாகவே எழுதின. ஒரு கும்பல் போய் அச்சகத்தை உடைத்து நொறுக்கியது. பங்குதாரர் ஊரைவிட்டு ஓடினார். ஐடா அப்போது வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தால் கொல்வோம் என்று தகவல் வந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷத்துக்கு அவர் தெற்கே கால் வைக்கவில்லை.

அதே வருஷம் சதர்ன் ஹாரர்ஸ் என்ற சிறுநூலையும், 1895-ல் எ ரெட் ரெக்கார்ட் என்ற பெரிய தொகுப்பையும் வெளியிட்டார். நீங்க ரிப்போர்ட் எழுதும்போது டேட்டா எங்கிருந்து எடுத்தீர்கள் என்று வைவாவில் கேட்பார்கள், இல்லையா? ஐடா அந்தக் கேள்வியை முன்கூட்டியே எதிர்பார்த்தார். கறுப்பினப் பத்திரிகைகள் திரட்டிய தகவலைப் போட்டால், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அதனால் வெள்ளையர்கள் தொகுத்து, வெள்ளையர்கள் அச்சடித்து, வெள்ளையர்களே மறுக்காத டிரிப்யூன் பட்டியலை மட்டும் ஆதாரமாக எடுத்தார். பெயர், தேதி, ஊர், சொல்லப்பட்ட குற்றம் என்று பக்கம் பக்கமாக. மேலே நான் கொடுத்த 160-ம் அந்த நூலிலிருந்துதான்.

அந்த டேபிளில் இன்னொரு நுட்பம் இருக்கு. அந்தப் பத்தி நிரூபணமான குற்றம் அல்ல, சொல்லப்பட்ட குற்றம். 46 என்றால் 46 பேர் செய்தார்கள் என்று அர்த்தமில்லை. செய்ததாகக் கும்பல் சொன்னது. கோர்ட்டுக்கே போகாதவனை எப்படிக் குற்றவாளி என்பது? ஆக எதிராளி சொல்வது அத்தனையும் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் 36 சதவீதம்தான் தேறுகிறது. எதிர்ப்பக்கத்துக்கு அதிகபட்ச சலுகை கொடுத்துவிட்டு, அப்படியும் உங்க வாதம் நிற்கலையே என்று காட்டுவது. எனக்கு இது ஒரு நல்ல ப்ரூஃப் படிக்கிற சந்தோஷத்தைக் கொடுத்தது. சந்தோஷம் என்ற சொல் இந்த இடத்தில் பொருந்தாது, தெரியும்.

சொற்களிலும் அவருக்குக் கண் இருந்தது. அந்தக் காலத்து விசாரணைகள் பெரும்பாலும் அடையாளம் தெரியாத நபர்களால் கொல்லப்பட்டார் என்றுதான் முடியும். நம்ம இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்று படித்தோமே, அதேதான். கொல்லப்பட்டார் என்று எழுதினால் கொன்றவரை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் பேர் பார்க்க, பட்டப்பகலில், முகமூடி இல்லாமல் நடந்த கொலைக்கும் எழுவாய் கிடையாது.

1899-ல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்பவரை ஆயிரக்கணக்கானோர் முன் எரித்தார்கள். வேடிக்கை பார்க்க அட்லாண்டாவிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். முதலாளியைக் கோடாலியால் கொன்று அவர் மனைவியையும் நாசம் செய்தான் என்று அட்லாண்டா பேப்பர்கள் நாள்கணக்காக எழுதின, பிடித்துக் கொடுத்தால் பரிசு என்றும் அறிவித்தன. ஐடாவும் சிகாகோ நண்பர்களும் பணம் திரட்டி லெ வின் என்ற வெள்ளைக்காரத் துப்பறிவாளரை அனுப்பினார்கள். சம்பளம் கேட்டதில் தகராறு, முதலாளி துப்பாக்கியை எடுத்தார், ஹோஸ் கையிலிருந்த கோடாலியை வீசினார், மனைவியை யாரும் தொடவில்லை என்பது அவர் கொண்டுவந்த தகவல். ஐடா வெளியிட்ட நூலில் முதலில் பேப்பர்கள் எழுதியது, அடுத்து துப்பறிவாளர் எழுதியது. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். அடுத்த வருஷம் நியூ ஆர்லியன்ஸ் கலவரத்துக்கு ஆள் அனுப்பக்கூடத் தேவைப்படவில்லை. உள்ளூர் வெள்ளையர் பேப்பர்களை மட்டும் வரிவரியாகப் படித்தே ஒரு நூல் எழுதினார். பேப்பர்கள் ராபர்ட் சார்ல்ஸ் என்பவரை ரத்தவெறி பிடித்தவன் என்றன. அதே பேப்பரில் வந்த போலீஸ்காரரின் வாக்குமூலத்தில், முதலில் ஆளைப் பிடித்துத் தடியால் அடித்தது தான்தான் என்று அவரே சொல்லியிருந்தார். தலைப்பில் ஒன்று, உள்ளே நாலாவது பத்தியில் வேறொன்று. நாம் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறோம்.

நடுவில் ரெண்டு முறை இங்கிலாந்து போய்ப் பேசியது, 1895-ல் சிகாகோ வக்கீல் ஃபெர்டினாண்ட் பார்னெட்டைக் கல்யாணம் செய்தது, நாலு குழந்தைகள், கைக்குழந்தையோடு கூட்டங்களுக்குப் போனது, 1913-ல் வாஷிங்டன் வாக்குரிமை ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரணும் என்றபோது மறுத்து, வழியில் புகுந்து இல்லினாய் அணியோடு நடந்தது என்று எத்தனையோ. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு ஆகும். சுபாவத்தில் அவர் சுலபமான ஆள் இல்லை. கூட வேலை செய்தவர்களோடு நிறைய மனஸ்தாபம். 1909-ல் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு உருவானபோது முதல் கமிட்டிப் பட்டியலிலேயே அவர் பெயரை விட்டுவிட்டு, சத்தம் வந்தபிறகு சேர்த்தார்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாகணும். 1919, ஆர்கன்சா மாநிலம், எலைன். குத்தகைக்குப் பருத்தி விளைவித்த கறுப்பின விவசாயிகள் சங்கம் வைத்து, வக்கீல் பிடித்து, நியாய விலை கேட்கத் தயாரானார்கள். செப்டம்பர் 30 ராத்திரி ஒரு சர்ச்சில் கூட்டம் நடக்கும்போது துப்பாக்கிச் சூடு. அடுத்த சில நாட்களில் வெள்ளையர் கும்பல்களும் ராணுவமும் புகுந்தன. செத்த வெள்ளையர் 5 பேர். செத்த கறுப்பினத்தவர் நூற்றுக்கும் மேல் என்பது வரலாற்றாளர்கள் பலரின் கணிப்பு. பேப்பர்கள் என்ன எழுதின தெரியுமா? வெள்ளையர்களை மொத்தமாகக் கொல்ல விவசாயிகள் சதி செய்தார்கள் என்று. சில நிமிஷ ஆலோசனையிலேயே ஜூரிகள் தீர்ப்புச் சொல்ல, 12 பேருக்கு மரண தண்டனை.

ஐடாவுக்கு அப்போது வயசு ஐம்பத்தேழு. தெற்கே போனார். கைதிகளின் மனைவிமார், அம்மாக்களோடு சேர்ந்து, ஒருவருக்குச் சொந்தக்காரி மாதிரி சாதாரண உடையில் லிட்டில் ராக் ஜெயிலுக்குள் நுழைந்தார். காவலருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்டார்: எத்தனை ஏக்கர், எத்தனை பேல் பருத்தி, எவ்வளவு சோளம், நீங்கள் உள்ளே வந்தபிறகு அது யார் கைக்குப் போனது? அந்த எண்களைக் கூட்டி நூலில் போட்டார். சதி என்று எழுதிய எந்தப் பேப்பரும் அந்த வருஷம் பருத்தி என்ன விலைக்குப் போனது என்று கேட்கவில்லை. ஐடா அதைத்தான் முதலில் கேட்டார்.

அன்றைக்கு அந்த ஆட்கள் கம்பிக்குள்ளிருந்து பாட்டுப் பாடிக் காட்டினார்கள். சாவைப் பற்றியும் பரலோகத்தைப் பற்றியும். கேட்டுக்கொண்டிருந்த ஐடா எழுந்து திட்டினார். சாகத் தயாராவதை நிறுத்துங்கள், வெளியே வருவதற்கு ஜெபம் பண்ணுங்கள் என்றார். கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், 1923-ல் மூர் எதிர் டெம்ப்ஸி தீர்ப்பு வந்தது. கும்பலுக்குப் பயந்து நடந்த விசாரணை விசாரணையே அல்ல என்று. 1925 ஜனவரிக்குள் பன்னிரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் சிகாகோவுக்கு ஐடாவின் வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டினார்.

1931 மார்ச் 25-ல் ஐடா காலமானார். நியூயார்க் டைம்ஸ் 2018-ல்தான் அவருக்கு இரங்கல் குறிப்பு போட்டது, விட்டுப்போனவர்கள் என்று ஒரு தொடர் ஆரம்பித்து. 2020-ல் புலிட்சர் சிறப்பு அங்கீகாரம். 2022-ல் அமெரிக்காவில் கும்பல் கொலைக்கு எதிரான தேசியச் சட்டம்.

இன்னொன்று. ஐடாவின் தன்வரலாற்றைப் படிக்கப் போனால், அதையும் அதே கண்ணோடு படிங்க. வயசான பிறகு, தன்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்ற வருத்தத்தோடு, பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதியது. தான் சரி, மற்றவர் தப்பு என்று வருகிற பக்கங்கள் கணிசம். பக்கத்தில் அந்த மற்றவர்களின் புத்தகம் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. அதை அவர் முடிக்கவில்லை. மகள் ஆல்ஃப்ரெடா பதிப்பித்து, அது வெளிவர 1970 ஆயிற்று. கடைசி அத்தியாயம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. மகள் அதை முடித்து வைக்க முயலாமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.